என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. அவரும் வக்கீல், நானும் வக்கீல். பெரம்பலூரில் ஒரே ஆபீஸ், ஒரே பெயர்ப்பலகை. அதில் அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. அதற்காகத்தான் புகைகிறேன் என்று நினைத்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது. பலகை எங்கேயோ கிடக்கட்டும். நான் மண்டையை உடைத்துக்கொண்டு தேடுகிற எதுவும் அந்த மனிதருக்குப் பேச்சுவாக்கில் கிடைத்துவிடுகிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கோர்ட் கேட்டிலிருந்து வக்கீல்கள் அறைக்கு வந்து சேர அவருக்கு அரைமணி ஆகும். வழியில் எல்லோரையும் நலம் விசாரிக்க வேண்டும். கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி, வண்டி ஸ்டாண்டுக்காரர், டீக்கடைக்காரர், எங்களுக்கு எதிராக வழக்குப் போட்டவர், ஒருவரையும் விடமாட்டார். யாருடைய சின்ன வெங்காயம் என்ன விலைக்குப் போனது, யார் பெண்ணுக்கு எந்த ஊரில் பேசுகிறார்கள், எல்லாம் அத்துப்படி. நம்முடைய வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதற்குத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே.

எறையூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவரின் வழக்கு எங்களிடம் வந்தது. எங்களிடம் என்ன, என்னிடம்தான் வந்தது. அவர் நிலம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் முன்னால் இருக்கிறவரின் நிலத்து ஓரமாக வந்து ஓடையைத் தாண்ட வேண்டும். ஆள் நடக்க வேறு ஒற்றையடிப் பாதை உண்டு, டிராக்டர் போக இந்த ஒரு வழிதான். ஒரு போர்வெல் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சு முறிந்தது. முன்னால் இருக்கிறவர் கல்லை நட்டு முள்வேலி போட்டுவிட்டார். கரும்பை வெட்டிவிட்டால் உடனே ஆலைக்குப் போயாக வேண்டும். கிடந்தால் காயும், எடை இறங்கும். லோடு வெளியே போக வழியில்லாத காட்டுக்கு வெட்டு ஆளும் வரமாட்டார்கள். வழி இல்லையென்றால் அந்த மனிதர் கரும்பையே மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த மாதிரி வண்டிப்பாதை வழக்கில் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான். நீண்ட காலமாக, யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமைபோல ஓட்டி வந்திருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் போனால் போகட்டும் என்று தயவில் விட்ட வழி எத்தனை வருடமானாலும் உரிமை ஆகாது. எங்கள் வாதம் உரிமை. பிரதிவாதியின் வாதம், அங்கே வழி என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது.

வழக்கு நடந்த கோர்ட்டுகள் எவை என்று எழுதப்போவதில்லை. ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தால் அது அவர்கள் சாமர்த்தியம்.

பிரதிவாதியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாளில் எனக்கு அரியலூரில் ஒரு கிரிமினல் அப்பீல் வந்து விழுந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய ஒருவருக்கு மாஜிஸ்ட்ரேட் தண்டனை கொடுத்திருந்தார். லாரி எந்தப் பக்கம் வந்தது என்பதில் பார்த்த சாட்சிகள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். கிரிமினல் வழக்கில் சந்தேகம் வந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. மேல்கோர்ட்டு அதே காகிதத்தைத் திரும்பப் படித்து, அதே சந்தேகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும். கீழே விடுதலையான ஆளை மேலே தண்டிப்பதுதான் கடினம். இரண்டு விதமாகவும் முடிவுக்கு வரலாம் என்றால் விடுதலையைத் தொடமாட்டார்கள். சிவில் அப்படி இல்லை, யார் பக்கம் உண்மை கூடுதலாகத் தெரிகிறது என்று தராசு பிடிப்பார்கள். அரியலூரில் அன்று நான் நன்றாக வாதாடினேன். அந்த டிரைவர் விடுதலையும் ஆனார். ஆனால் இது அவர் கதை இல்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் பிரதிவாதியைக் கேட்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டுப் போனேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சாயங்காலம் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் வந்து இறங்கி, புழுதி படிந்த முகத்தைக்கூடக் கழுவாமல் கேட்டேன்.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நல்ல மனுசன்தான் அவரு."

"யாரு?"

"பிரதிவாதிதான். வீராப்புப் புடிச்ச ஆளு, ஆனா நல்ல மனுசன்."

"நான் சொன்னதெல்லாம் கேட்டீங்களா இல்லியா?"

"பாதி கேட்டேன். எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னாரு. சலிச்சுப் போச்சு. அப்பறம் சும்மா ஒண்ணு கேட்டேன். வேலி போடறதுக்கு முந்துன வருசம் நம்ம கட்சிக்காரரு கரும்பு லோடு சேத்துல மாட்டிக்கிச்சாமே, எப்படி வெளிய எடுத்தாங்கன்னு."

எங்கள் தொழிலில் குறுக்கு விசாரணைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது. ஏன், எப்படி என்று ஆரம்பிக்கவே கூடாது. சாட்சிக்கு வாயைத் திறந்துவிட்டால் அவன் நம் வழக்கையே குழிதோண்டிப் புதைத்துவிடுவான்.

"அதை எதுக்குங்க கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்," என்றார், முறுக்கைக் கடித்துக்கொண்டு.

சாட்சியத்தின் நகலை வாங்கிப் படித்தேன். சாட்சி பேச்சுத் தமிழில் சொல்வதை நீதிபதி எழுத்துத் தமிழில் சொல்ல, டைப் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். குறுக்கு விசாரணை பெரும்பாலும் ஒரே ராகத்தில் இருக்கும். 'அந்த இடத்தில் வண்டிப்பாதை இருந்தது என்றால் சரியல்ல. நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.' இந்த நகலும் அப்படித்தான் ஓடியது, நான் எழுதிக் கொடுத்த கேள்விகள் முடிகிறவரைக்கும். அதன் பிறகு இது இருந்தது:

'வாதியின் கரும்பு லோடு ஓடை அருகே சேற்றில் மாட்டிக்கொண்டது. நான்தான் என் டிராக்டரைக் கட்டி இழுத்துவிட்டேன். அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்தே அவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் அந்த வழியில் வண்டி ஓட்டி வருகிறார்கள்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். பாதையே இல்லை என்று சொன்ன ஆள், தன் உதவியை மதிக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். பாதை இருந்தது. தகப்பனார் காலத்திலிருந்து இருந்தது. யாரும் அனுமதி கேட்டதில்லை. சட்டம் எதையெல்லாம் கேட்கிறதோ அதையெல்லாம் தன் மனக்குறையாகச் சொல்லி முடித்திருந்தார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாய்தாவில் பிரதிவாதியின் தம்பியை நானே குறுக்கு விசாரணை செய்தேன். அதற்காக எவ்வளவு படித்தேன் தெரியுமா? அந்த ஆள் ஒன்றையும் விடவில்லை. என் பக்கங்கள் முழுக்க 'சரியல்ல, சரியல்ல' என்று வரிசையாக நிற்கிறது. தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டவருக்குத் தகப்பனார் வரை வந்து கதவைத் திறந்தார்கள். கேட்கத் தெரிந்தவளுக்குத் தாழ்ப்பாள்.

சரி, இந்த வழக்கை என் கையால் ஜெயிப்பேன் என்று பிடிவாதம் வந்தது. ஏற்கனவே கோர்ட்டு அனுப்பிய ஒரு வக்கீல் கமிஷனர் போய்ப் பார்த்து, தடம் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார். எப்படித் தெரியும், அதற்குள் ஏர் ஓட்டிவிட்டார்களே. நான் நிலத்துக்கு நேரே போனேன். கரிசல் மண் செருப்பில் அப்ப, வெயிலில் ஓடை வரை நடந்தேன். ஓடை தாண்டுகிற இடத்தில் பாறை. பாறையை யாரும் உழ முடியாது. அதில் சக்கரம் ஏறி ஏறி இரண்டு பள்ளம், கை வைத்தால் விரல் உள்ளே இறங்குகிற அளவுக்கு. மாட்டு வண்டிக் காலத்துத் தேய்மானம்.

நீதிபதியே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் கடுமையாக ஆட்சேபித்தார். எங்கள் வழக்கைக் கேட்ட நீதிபதியான முன்சீப் ஒத்துக்கொண்டார். ஒரு நாள் கார் வந்து நின்றது, பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார், பாறைக்கு வந்தார், குனிந்தார், பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார். அதே காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அது போதும். அன்று நான் இருந்த இருப்பில் எறையூரிலிருந்து பெரம்பலூர் வரை நடந்தே வந்திருப்பேன்.

எழுத்து மூலமான வாதத்தில் வீட்டுக்காரர் வாங்கிய பதிலையும் கடைசிப் பத்தியில் சேர்த்திருந்தேன். கட்சிக்காரருக்குத் துரோகம் செய்ய எனக்கென்ன பைத்தியமா? ஆனால் முன்சீப் தீர்ப்பில் அதைத் தொடவே இல்லை. முழுக்கப் பாறைதான். 'நேரில் சென்று பார்த்ததில் சக்கரத் தடங்கள் தெளிவாகக் காணப்பட்டன' என்று எழுதி, வேலியை எடுக்கச் சொல்லி, இனி வழியை மறிக்கக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தார். வீட்டுக்காரரின் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. அன்று சாயங்காலம் கேசரி கிளறினேன். நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

"ஜட்ஜையே காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டியே, பெரிய ஆளும்மா நீ," என்று சொல்லி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் எனக்கு இன்னும் இனித்திருக்கும்.

பிரதிவாதி அப்பீல் போனார். என் கட்சிக்காரர் தீர்ப்பை நம்பிப் புதுக் கரும்பு நட்டிருந்தார். அப்பீல் வாதத்துக்கு வந்தபோது அது வெட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

சப் கோர்ட்டில் நடக்கிற முதல் மேல்முறையீடு எல்லாவற்றையும் திரும்பப் புரட்டிப் பார்க்கிற இடம். என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம், சட்டம் சரியா என்பதையும் பார்க்கலாம். சாட்சி சொன்னதை நம்பலாமா என்ற விஷயத்தில் மட்டும் முன்சீப்பின் வார்த்தைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பார்கள். சாட்சி எச்சில் விழுங்கியதையும் கூரையைப் பார்த்ததையும் கண்ணால் கண்டவர் அவர்தானே. மேலே இருக்கிறவருக்கு வருவது வழக்குக் கட்டு மட்டும். கட்டில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார். முன்சீப் நேரில் பார்த்தாரே, அன்றைக்கு என்ன பார்த்தார் என்ற குறிப்பு எங்கே? நீதிபதி இடத்தைப் பார்த்தால், கண்டதை ஒரு குறிப்பாக எழுதி வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும். இரண்டு தரப்பும் அதைப் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டும். தன் கண்ணில் பட்டதை மனதில் வைத்துக்கொண்டு நேராகத் தீர்ப்பில் எழுதினால் நீதிபதியே சாட்சி ஆகிவிடுகிறார். அவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

சப் ஜட்ஜ் கட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"குறிப்பு இல்லியேம்மா?"

"பதிவுல இல்லீங்க ஐயா."

"அப்ப நான் அந்தப் பாறையப் பாக்க முடியாது."

அவ்வளவுதான். வெயிலில் நடந்தது, மனுப் போட்டது, நீதிபதி குனிந்து கை வைத்தது, எல்லாம் ஒரே வரியில் போயிற்று. குறிப்பு எழுத வேண்டியது முன்சீப், கேட்டு வாங்க வேண்டியது நான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பாறை அங்கேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

சப் ஜட்ஜ் நல்லவர். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இறங்கி வந்தார்.

"ரெண்டு வழி இருக்கு. கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பறேன். மறுபடி நேர்ல பாத்து, முறையா குறிப்பு எழுதி, புதுசா தீர்ப்புச் சொல்லட்டும். இல்லேன்னா, பாறைய வுட்டுட்டு வேற ஏதாச்சும் சாட்சியம் இருந்தாக் காட்டுங்க. முடிவு சரியா இருந்தா, வேற காரணத்துலயும் அதை நிக்க வைக்கலாம்."

திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்றுதான் முதலில் நாக்கு புரண்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஆசை அடித்துக்கொண்டது. என் பாறை பதிவுக்கு வரும். முறைப்படி வரும். இந்தத் தடவை யாரும் அதை எடுத்து எறிய முடியாது. ஜெயித்தால் என் பாறையால் ஜெயிக்கும். சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை, யாரும் என்னைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் திருப்பி அனுப்பினால் கையில் இருக்கிற தீர்ப்பு ரத்தாகும். மறுநாளே முள்வேலி வரும். கடைசி பெஞ்சில் என் கட்சிக்காரர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கே பேசுவது பாதி புரியாது. நான் திரும்பிப் பார்த்ததும் எதற்கென்றே தெரியாமல் கும்பிட்டார். அவர் கரும்பு வெட்டுக்கு நிற்கிறது.

"பிரதிவாதியோட குறுக்கு விசாரணை இருக்குங்க ஐயா," என்றேன்.

பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வயிற்றெரிச்சலோடு படித்தது எதுவும் மறக்காது. சேற்றில் மாட்டிய லோடு, கட்டி இழுத்த டிராக்டர், சொல்லாத நன்றி, தகப்பனார் காலம், கேட்காமல் ஓட்டிய வண்டி. ஒவ்வொரு வரியாக வாசித்தேன். என் குரலில் என் வீட்டுக்காரர் ஜெயித்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சப் ஜட்ஜ் முகத்தில் சிரிப்பு வந்தது. "தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரே! இதைக் கீழ்க்கோர்ட்டு பாக்கவே இல்லியா? அருமையான கேள்வி. நீங்க கேட்டதாம்மா?"

பதிவில் 'வாதி தரப்புக் குறுக்கு விசாரணை' என்று மட்டும்தான் இருக்கும். கேட்டவர் யார் என்று இருக்காது. ஆமாம் என்றால் ஆமாம்தான்.

"இல்லீங்க ஐயா. என் வீட்டுக்காரர் கேட்டது."

எல்லோரும் சிரித்தார்கள், டவாலி உட்பட. நானும் சிரித்தேன். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

தீர்ப்பு வந்தது. நேரில் பார்த்ததைப் பற்றி முன்சீப் எழுதியது முழுவதும் நீக்கப்பட்டது. பிரதிவாதி ஒப்புக்கொண்டதன் பேரில் பாதை உரிமை உறுதியானது. அப்பீல் தள்ளுபடி. முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்த காரணத்தில் என்னுடையதை உருவிவிட்டு அவருடையதை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வராண்டாவில் கட்சிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு சாரு கேட்டாரு பாருங்கம்மா, அப்பவே எனக்குத் தெரியும். சாருகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வேப்பந்தட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வெட்டு ஆளைப் பேச வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தேன். அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இந்த நிமிடத்துக்கு வழியெல்லாம் என்னைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளட்டும். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லட்டும். சொன்னால் எனக்கு ஒரு சண்டையாவது கிடைக்கும்.

"பாதை கேஸு ஜெயிச்சாச்சு."

"எதும்மா, நீ ஜட்ஜைக் கூட்டிட்டுப் போனியே, அதா? நான்தான் சொன்னேன்ல, பாறை ஜெயிச்சுக் குடுக்கும்னு."

"பாறை போயிடுச்சு. நீங்க கேட்ட கேள்விலதான் நின்னுச்சு."

"நான் என்ன கேட்டேன்?" உண்மையாகவே யோசித்தார். வெங்காயம் கையில் அப்படியே நின்றது. "நான் எங்க கேட்டேன்? நீ கேட்டதா இருக்கும்."

"நான் அன்னிக்கு அரியலூர்ல இருந்தேன்."

"அப்படியா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. துளிகூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன், ஒரு கட்சிக்காரருக்கு விளக்குகிற மாதிரி. லோடு மாட்டியது, டிராக்டர் கட்டி இழுத்தது, அந்த ஆளின் ஆதங்கம், தகப்பனார் காலம், சப் ஜட்ஜ் பாராட்டியது. வேறு யாரோ செய்த காரியத்தைக் கேட்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

"நல்ல கேள்வியா இருக்கே," என்றார். பிறகு, "அப்பறம் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?" என்றார்.

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். இத்தனை காலமும் நான் மூச்சிரைக்க யாரை முந்த ஓடினேனோ, அந்த மனிதர் ஓடவே இல்லை. உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.